ஒத்னி மாமா இரண்டு ஆளாக எண்ணப்பட்டது

சீனாய் வனாந்தரம்,
வடக்குப் பாளயம், நப்தலியின் கொடியடி.

தென்பக்கம் காத் கோத்திரத்தாரோடு குடியிருக்கும் என் அக்காள் மகன் யாரிபுக்கு, செங்கடலின் தண்ணீர்ச் சுவரை ஒரு தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்திய உன் தாய்மாமன் ஒத்னி சகல ஆசீர்வாதங்களும் சொல்லி எழுதுவது. நீயும் உன் தாயாரும் உங்கள் கழுதையும் சுகமாயிருக்க ஆண்டவர் அருளட்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் இந்தத் தோலை விரித்தேன். என் கை முதல்முறையாகப் பொய் எழுத மறுக்கிறது.

மருமகனே, உன் மாமன் கெட்டான். போருக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணுகிறார்களே, நேற்று எங்கள் முறை. மனிதனை விரல் நீட்டி எண்ணினால் கொள்ளைநோய் வரும். அதனால் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி வாங்கி வெள்ளியை எண்ணுகிறார்கள். பணக்காரன் கூட்டக் கூடாது, ஏழை குறைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு முன்னால் நின்றவன் அடுத்த கூடாரத்துச் சாபாத். எகிப்தில் சேறு மிதிக்கவே தெரியாமல் வழுக்கி விழுந்தவன். அவனும் அரை, ஒரு நாளில் ஆயிரம் செங்கல் அறுத்த நானும் அரையா? ஒரு மீதியானிய வியாபாரி என் வீரத்தை மெச்சி (சரி, இரண்டு ஆட்டுக்கு) கொடுத்த முழுச் சேக்கல் கட்டியை மடியிலிருந்து எடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த லேவியன் இத்தோ தராசைத் தூக்கினான்.

"என்னையா நிறுக்கப் போற? இது முழுசு. ஒத்னி ரெண்டு ஆளுக்குச் சமம்னு எழுதிக்கோ!" என்று கூடையில் வீசிவிட்டேன்.

"ஐயா, எவனும் தனியா முழுசு இல்லேன்னுதானே ஆளுக்கு அரை கேக்குறாங்க?"

"நீ எழுதுய்யா!"

எழுதிவிட்டான். கூடையில் விழுந்தது ஆண்டவருடையது, திரும்பாது. ஒவ்வொரு அரைக்கும் ஒரு தலை வேண்டும். ஆகவே பட்டியலில் 'ஒத்னி', அதன் கீழே 'ஒத்னி கூடாரத்து இரண்டாம் ஆள்'.

நாளை மறுநாள் எங்கள் தலைவர் முன்னால் பேர் வாசிக்கிறார்கள். சாபாத் பாளயமெங்கும் சொல்லித் திரிகிறான்: "எண்ணப்பட்டவன் எழுந்து நிக்கலேன்னா செத்தவன். நோய் அந்தக் கூடாரத்துலதான் ஆரம்பிக்கும். பிடுங்கி வெளியே போடுங்க!" வெளியே என்றால் குஷ்டரோகிகள் பக்கம். உனக்குத் தெரியும், கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து உன் அத்தை அத்தாராளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாயிருக்கிறது. "ரெண்டு ஆம்பளைன்னு சொன்னீங்களாமே. இன்னொருத்தரை எங்கே வச்சிருக்கீங்க? காலையில மன்னா அப்பம் பொறுக்கவாவது அனுப்புங்களேன்" என்றாள். பிறக்கப்போகிறவனையே இரண்டாம் ஆளாக நிறுத்தலாமே என்றேன். "இருபது வயசு ஆகணும். இன்னும் பால்கூடக் குடிக்கலை அவன்."

முதல் பேருக்கு முன்வரிசையில் நின்றுவிட்டு, பின்னால் ஓடி, ஆட்டுமயிர்த் தாடி கட்டி இரண்டாம் பேருக்கு நிற்கலாமென்று ஒத்திகையும் பார்த்தேன். தாடியை ஆடு தின்றுவிட்டது. சாபாத் தன் கூடார வாசலில் உட்கார்ந்து, "ரெண்டாம் ஆள் வர்றதுக்குள்ள முதல் ஆளுக்கு மூச்சு முட்டுதேப்பா!" என்று ஊரைக் கூட்டினான். உன்னை வரவழைத்து நிறுத்தவும் நினைத்தேன். அப்படிச் செய்தால் காத் கோத்திரத்தில் ஒரு தலை குறையும், நோய் உங்கள் பக்கம் திரும்பும் என்றாள் உன் அத்தை. திரும்பட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது, மன்னித்துக்கொள்.

ஆகையால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கழுதையோடு வந்து உன் அத்தையை உங்கள் கூடாரத்துக்கு அழைத்துப் போ. என் பிள்ளை பாளயத்துக்குள் பிறக்கட்டும். பிடுங்கிய கூடாரத்தை நான் தனியாகவே சுமந்து போகிறேன். இரண்டு ஆள் சுமை அது. ஆனாலும் ஒரு ஆள்தான் இருக்கிறேன்.

ஆபிரகாமுக்குச் சொன்ன ஆசீர்வாதத்தில் மிச்சமிருப்பதெல்லாம் உன்மேல் வரட்டும்.

உன் மாமன்,
ஒத்னி

பின்குறிப்பு: கழுதை வேண்டாம். இத்தோ இப்போதுதான் வந்து போனான். வெள்ளியை உருக்கினார்களாம், பட்டியலுக்கு அரைச் சேக்கல் குறைகிறதாம். அந்த மீதியானியத் திருடன் கட்டியின் நடுவைக் குடைந்து களிமண் அடைத்திருக்கிறான். வெள்ளி மட்டும் சரியாக அரைச் சேக்கல், மயிரிழைகூடக் கூடவில்லை, குறையவில்லை. பட்டியலிலிருந்து இரண்டாம் ஆளை அடித்துவிட்டார்கள். உன் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சாபாத் உன்னிடம் கேட்டால், மாமா தாழ்மையின் நிமித்தம் அந்த மண்ணைத் தாமே அடைத்தார் என்று சொல்.