செவிச்செல்வன் கேட்டது பின்பக்கம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
20-12-1974

மதிப்புக்குரிய ‘சுடர்க்கொடி’ வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, பிள்ளையார்பாளையம் ‘ராக்கெட் பீட்’ ரசிகர் மன்றத்தின் தலைவரும், இரண்டு தறிக்குச் சொந்தக்காரனும், தங்கள் இதழைப் பதினோரு வருடமாக இரவல் வாங்காமல் படித்து வருபவனுமாகிய கோதண்டபாணி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே அனைவரும் நலம், தங்கள் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இங்கே யாரும் நலமாக இல்லை ஐயா. காரணம் தங்கள் இதழின் முப்பத்திரண்டாம் பக்கம். தாங்கள் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் தங்கள் இசை விமர்சகர் செவிச்செல்வன் என்பவர், எங்கள் தெருப் பையன் குமாரவேலுவும் அவன் நண்பர்கள் நால்வரும் கித்தாரும் டிரம்ஸும் வைத்து ‘ராக்கெட் பீட்’ என்ற பெயரில் வெளியிட்டிருக்கும் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதியிருக்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. “தகர டப்பாவில் கருங்கல்லைப் போட்டு மலையிலிருந்து உருட்டிவிட்டால் வரும் சத்தத்துக்கு இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டாம்” என்கிறார். “பாடுகிறவர் ஏன் இப்படிக் கத்துகிறார்? யாராவது அவர் காலை மிதித்துக்கொண்டிருந்தார்களா?” என்று கேட்கிறார். கேட்கிற கேள்வியா ஐயா இது? குமாரவேலுவின் தாயார் எல்லம்மாள் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “என் புள்ள கால யாருப்பா மிதிச்சது?” என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இந்த இசைத்தட்டு வந்த வரலாறு செவிச்செல்வனுக்குத் தெரியுமா? ஒரு விளம்பரம் கிடையாது, ஒரு சுவரொட்டி கிடையாது. போன ஐப்பசியில் ஐந்து பையன்களும் திருப்பதிக்கு மொட்டை போடப் போகிறோம் என்று தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தபோது ஐந்து தலையிலும் முடி அப்படியே இருந்தது, போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பெருமாளுக்குக் கொடுத்த வாக்கை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவே கொதித்தது. நான்கூட அவர்களிடம் பேசுவதை விட்டுவிட்டேன். ஆறு வாரம் பையன்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் மன்றத்துப் பொருளாளர் காஜா பாய், தன் வாடகை சைக்கிள் கடையிலிருந்து, பையன்கள் கொடுத்த ஒரு இசைத்தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். உறையில் ஐந்து முகம். சென்னைக்குப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள்! ஐயா, எனக்கு அன்றைக்கு வந்த கண்ணீர் என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் தறி ஓடாது என்பது தாங்கள் அறிந்திருப்பீர்கள். அந்த அமாவாசைக்குக் காஜா பாய் கடையில் நாற்பது பேர் கூடினோம், பையன்கள் ஐவரும் மட்டும் கூச்சத்தில் அன்றும் சரி, பிறகும் சரி, அந்தப் பக்கமே வரவில்லை. கடையில் யாரோ சைக்கிள் வாடகைக்கு ஈடாக விட்டுப்போன கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் இசைத்தட்டைக் கையில் தொட்டுப் பழகியவர் எங்களில் ஒருவரும் இல்லை, கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்காரர் போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எனவே எதையும் யோசித்துச் செய்கிறவரான சாயக்காரர் கண்ணாயிரத்திடம் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர் தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் பெரிதாக ஒன்று என்ற எண்ணும் ஒரு ராக்கெட் படமும் இருந்தன. “இதான் முகம்” என்று சொல்லி, முகம் கீழே பார்க்கும்படி வைத்தார். நல்ல சேலை எங்கள் தறியில் அப்படித்தான் கிடக்கும் ஐயா. சரிகைப் பூவெல்லாம் கீழ்ப்பக்கம் விழும், நெய்கிறவன் கண்ணுக்கு நாள் முழுக்க உள்பக்கம்தான் தெரியும், அறுத்து எடுத்துத் திருப்பினால்தான் சேலையின் முகம்.

காஜா பாய் நெசவாளி அல்ல என்பதால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஊசி மேலதானே ஓடுது கண்ணாயிரம்?” என்றார். கண்ணாயிரம் சிரித்துவிட்டார். “பாய், தறியில நூல இழுத்துக்கினு போற நாடாவும் மேலதான் ஓடுது. பூ எங்க வுழுது? கீழதானே வுழுது?” நாற்பது பேரும் தலையை ஆட்டினோம். பாய் ஊசியை எடுத்து வைத்தார்.

பிறகு நாங்கள் கேட்டது சங்கீதம். கத்தலா? அந்தப் பக்கத்தில் கத்தலே கிடையாது. இரண்டு பாட்டு. முதல் பாட்டில் பாதிவரை குரலே இல்லை, கித்தார் மட்டும் நிதானமாக, டக் டக் என்று டிரம்ஸ் கூடவே. கேட்கக் கேட்க என் கால் தறியில் மிதிப்பதுபோலத் தானாக மிதித்தது. பக்கத்தில் பார்த்தால் நாற்பது பேர் காலும் மிதிக்கிறது. அன்றைக்கே மன்றம் ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு இன்று வரை இருபத்தொரு முறை கேட்டாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் முகம் கீழே, முறை தவறாமல். பின்பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு இருப்பதாக உறையில் போட்டிருக்கிறது, தெரியும். எங்களைக் காட்டான்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நல்ல சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்து நூல் முடிச்சை யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா?

இப்போது தங்களுக்கே விளங்கியிருக்கும். செவிச்செல்வன் தொழில் தெரியாதவர். தட்டை அப்படியே முகம் மேலே பார்க்க வைத்திருக்கிறார். கேட்டது முழுக்கப் பின்பக்கம்! உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சேலை கரடுமுரடு என்று எழுதுகிறவருக்குச் சம்பளம் வேறு. மன்றத்தில் இதை நான் எடுத்துச் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கைதட்டலோடு விட்டிருக்கலாம். வாலிபர்கள் கொடும்பாவி கட்ட வேண்டும் என்றார்கள். செவிச்செல்வன் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, தாங்கள் அவர் படத்தைப் போடுவதில்லை. படித்தவர், பெரிய மனிதர், எனவே கோட்டு, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் குடை என்று முடிவாயிற்று. கோட்டுக்கு எங்கே போவது? கண்ணாயிரம் தம் சாயப் பட்டறையில் யாரோ கறுப்புச் சாயம் ஏற்றக் கொடுத்த கோட்டு ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் மாட்டிவிட்டுக் கொளுத்துவதற்கு முன்னால் கழற்றிக்கொள்ளலாம் என்றார். வைக்கோலுக்குக் கோட்டை மாட்டிக் கண்ணாடியையும் குடையையும் வைத்துத் தூர நின்று பார்த்தேன், கிட்டே வந்தும் பார்த்தேன். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

பார்த்திருக்கிறேன் ஐயா. சின்ன காஞ்சிபுரத்து ஆதிகேசவன். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். என் மகள் தேவகிக்கு மாமனாராக வரப் போகிறவர். தை பத்தாம் தேதி கல்யாணம், அன்று மாலை வரவேற்பில் ‘ராக்கெட் பீட்’ வாசிப்பதாக ஏற்பாடு. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் தங்கள் முப்பத்திரண்டாம் பக்கம். கோட்டின் ஒரு கையில் அதற்குள் எவனோ நெருப்பை வைத்துவிட்டான்.

அவர் கொடும்பாவியைப் பார்த்தார். கொடும்பாவி அவரைப் பார்த்தது.

“இது யாருப்பா?” என்றார்.

பொய் சொல்லத் தெரியாத காஜா பாய், “ஒங்கள இல்ல சார், பத்திரிகைக்காரர” என்றார்.

“அப்ப என் கோட்டு எப்படி அங்க போச்சு? கல்யாணத்துக்குப் போடணும்னு சாயத்துக்குக் குடுத்தேனே?”

தண்ணீர் ஊற்றி அணைத்தோம். கோட்டு பிழைத்தது, கை ஒன்று முழங்கை வரைதான். ஆதிகேசவன் என்னைத் தனியாக அழைத்துப் போய்த் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். “சம்பந்தி, இதப் படிச்சீங்களா? என் சொந்தக்காரங்க எல்லாரும் இதப் படிக்கிறவங்க. அவங்களக் கூப்புட்டு ஒக்கார வெச்சு இந்தத் தகர டப்பாவ உருட்டச் சொல்றீங்களா? அந்தப் பசங்க சாயந்தரம் மேடையில ஏறுவாங்கன்னா காலையில என் பையன் மணவறையில ஏறமாட்டான். அவ்ளோதான்.”

ஐயா, அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தங்கள் இதழில் அச்சாகிவிட்டால் அவருக்கு அது வேதம். மழை வரும் என்று தாங்கள் போட்டால் குடை எடுப்பார், மழை வராவிட்டால் மழையின்மேல் வருத்தப்படுவார். நான் இருபத்தொரு முறை கேட்டவன் சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறார். ஒரு முறை, அதுவும் பின்பக்கம் கேட்டவர் எழுதினால் நம்புகிறார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால் தேவகி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா, தை மாசம் கல்யாணம் எனக்கா, ரெக்கார்டுக்கா? நீ சொல்லிட்டா நான் ஒதுங்கிக்கிறேன்பா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. குமாரவேலுவிடம் போய் நீ வாசிக்க வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. இந்தத் தெருவில் பிறந்து என் தறியிலேயே பாவு நூல் பிணைத்த பையன், ஊருக்கு முன்னால் முதல் முதலாக மேடை ஏறப் போகிறான்.

ஆகையால் மன்றத்தின் ஒருமனதான தீர்மானப்படி கேட்டுக்கொள்வது என்னவென்றால், செவிச்செல்வன் தட்டை முறைப்படி முகம் கீழே வைத்து மறுபடி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, தாம் பின்பக்கத்தைக் கேட்டுவிட்டு எழுதியது தவறு என்று அடுத்த இதழில் அதே முப்பத்திரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். தைக்கு முன்னால் வர வேண்டும். பொங்கல் மலரில் போடுகிறேன் என்று இழுக்கக் கூடாது, சம்பந்தி மலர் வாங்கமாட்டார். போடாவிட்டால் நாற்பது பேரும் தங்கள் இதழை நிறுத்திவிடுவோம். அதில் வாங்கிப் படிக்கிறவர்கள் ஆறு பேர்தான் என்றாலும் மற்றவர்களும் படிப்பதை நிறுத்துவார்கள்.

தங்கள் அச்சகமும் குடும்பமும் அத்தி வரதர் அருளால் ஒரு குறையும் இல்லாமல் தழைக்கட்டும். அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். செவிச்செல்வன் அவர்களுக்கு மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த,
கோதண்டபாணி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆதிகேசவன், காஜா பாய் கடையில் காயப் போட்டிருந்த கோட்டை வாங்கிப் போக வந்தார். அப்போது நாங்கள் இருபத்திரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கோட்டைக் கேட்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். கை சைக்கிள் சீட்டில் தாளம் போட்டது. “யாருப்பா வாசிக்கிறது? எவ்ளோ அடக்கமா இருக்குது பாரு. சம்பந்தி, வரவேற்புக்கு இவங்களக் கூப்புடலாமே!” என்றார். “இவங்கதான் சார் அவங்க!” என்று காஜா பாய் குதித்தார். நான் எழுந்து, முகம், உள்பக்கம், பூ கீழே விழுவது, விமர்சகரின் அறியாமை எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கல்யாணம் பிழைத்தது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குமாரவேலு கடைக்குள் வந்தான். “மாமா, என்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஒண்ணுன்னு போட்டது மேல பாக்கணும். நீங்க கேக்குறது ரெண்டாம் பக்கம். எடம் மிச்சம் இருந்துச்சின்னு கடைசி அரை மணி நேரத்துல சும்மா தறி ஓடுற மாதிரி வாசிச்சோம். ஒரு வருசமா ஒழைச்சது இந்தப் பக்கம்” என்று தட்டைத் திருப்பிப் போட்டான்.

ஐயா, என்னத்தைச் சொல்வேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் கடைக்கு வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் பாட்டில் கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார், ரசித்து அல்ல. பாட்டு முடிந்தது. ஆதிகேசவன் சட்டைப் பையிலிருந்து தங்கள் முப்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். “பாவம், எவ்ளோ மரியாதையா எழுதியிருக்காரு” என்றார்.

நான் குமாரவேலுவின் தோளில் கை போட்டு, வரவேற்பில் இரண்டாம் பக்கத்தை மட்டும் வாசித்துவிடேன், வேண்டுமானால் இரண்டு முறை வாசி என்றேன். சம்பந்தியும் அதற்குச் சரி என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். “ரெண்டு பக்கமும் எங்களோடதுதான் மாமா. புடிக்கலன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். மொதப் பக்கத்த வாசிக்கவே கூடாதுன்னா நாங்க வரல” என்றான். தேவகி எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியாது. “வாசிக்கட்டும்பா, என் கல்யாணம்தானே” என்றாள். ஆதிகேசவன் வருங்கால மருமகளைப் பார்த்தார், கோட்டுக் கையைப் பார்த்தார், பிறகு அவர் பக்கத்துப் பெரியவர்கள் பந்திக்குப் போன பிறகு முதல் பக்கத்தை வாசிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன்.

எனவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் அச்சிட வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். செவிச்செல்வன் அவர்களைத் தவறாமல் அனுப்பி வையுங்கள். முதல் வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. முதல் பக்கம் ஆரம்பித்ததும் நான் எழுந்து போக முடியாது, மன்றத் தலைவன், கடைசி வரை உட்கார்ந்து கைதட்டியாக வேண்டும். அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாராளமாக எழுந்து போகலாம், எனக்கும் சேர்த்து.