நாலரையும் இரண்டு நாற்பதடிக் கம்பியும்

உலகத்தில் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பதற்கென்றே பிறந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் புதுவாயலில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். வாடகைப் பத்திரத்தில் நீளமாக ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்கு அவர் ‘நாலரை’.

சும்மா சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றை வெல்டிங் மெஷினோடு நெடுஞ்சாலை ஓரம் கடை போட்டவன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பட்டறையில் செய்த கேட்டு ஒன்று நிற்கும். அந்தக் கேட்டுகளுக்குள் போய்வந்த எத்தனையோ இன்ஜினீயர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் முன்னாலும் வாயடைத்து நின்றதில்லை. நாலரையைத் தவிர.

குடிவந்த முதல் வாரம் நாஷ்டா சாப்பிடும்போது கேட்டேன்.

“இன்னா சார் வேலை உங்களுக்கு?”

“எது எத தொடுதுன்னு பாக்கறதுண்ணா.”

“அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்கண்ணா. நாலரைக்குள்ள இருந்தா காண்டாக்ட். தாண்டிட்டா இல்ல.”

“நாலரை அடியா, இஞ்சா?”

“ஆங்ஸ்ட்ராம். உங்க மீசையில ஒரு முடி எடுத்துக்கினு, அதோட தடிமன பல லட்சம் பங்கா பிரிச்சீங்கன்னா, அதுல நாலரை பங்கு.”

மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்க அவருக்கு அந்தப் பெயர் பரவிவிட்டது. பரப்பியவன் நான்தான்.

மற்ற ஆட்கள் வேலையைக் கம்பெனியில் விட்டுவிட்டு வருவார்கள். இவர் கூடவே கூட்டிவருவார். ஒருநாள் கவரைப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். பதினோரு பேர். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

“பாருங்கண்ணா, இந்தம்மா மொதல்ல ஏறினாங்க. அந்தப் பெரியவரு எட்டாவதா ஏறினாரு. இப்ப ரெண்டு பேரு முட்டியும் இடிக்குது. இதான் காண்டாக்ட்! அடுத்தடுத்து ஏறினவங்கள எண்ணக் கூடாது. அவங்க ஒட்டினு இருக்கறதுல இன்னா அதிசயம் கீது?”

அந்தம்மா கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “யோவ், யாரு முட்டிய யாரு இடிக்கறாங்கன்னு எழுதினு வர சொல்லி கவர்மெண்டு அனுப்பிச்சுதா உன்னிய?”

நான் இறங்கியதும் விளக்கம் கேட்டேன். புரோட்டீன் என்றால் முட்டை, பருப்பு என்று நினைத்திருந்தவன் நான். அது ஒரு நீளச் சங்கிலியாம். ஒவ்வொரு கண்ணியும் ஓர் அமினோ அமிலம். சங்கிலி தானாகச் சுருண்டு உருண்டை ஆகும்போது, பத்தாவது கண்ணிக்குப் பக்கத்தில் இருநூறாவது கண்ணி வந்து உட்காரும். அப்படித் தூரத்துக் கண்ணிகள் ஒன்றையொன்று தொடுவதால்தான் உருண்டை அவிழாமல் நிற்கிறது. எந்தக் கண்ணி எதைத் தொடுகிறது, எந்தத் தொடுதல் முதலில் விட்டுப்போகும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது இவர் வேலை.

என் மச்சினன் மகள் கல்யாணத்துக்கும் அழைத்துப் போனேன். பந்தியில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் என் காதில், “அண்ணா, பொண்ணு ஊடு தனியா குந்தினு கீறாங்க, மாப்ள ஊடு தனியா குந்தினு கீறாங்க. நடுவுல ஒரே ஒரு காண்டாக்ட்தான். அது உட்டுச்சுன்னா எல்லாம் அவுந்துடும்” என்றார்.

“யாரு சார் அந்த ஒருத்தர்?”

“நீங்கதாண்ணா. ரெண்டு பக்கமும் சாம்பார் ஊத்தச் சொல்லிக் கத்திக்கினே இருந்தீங்களே.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்ததே நான்தான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் இட்லியைப் பிட்டுவிட்டு வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கம்பெனி, புதுத் துணியில் இருக்கும் கஞ்சியை எடுக்கிற என்சைம் தயாரிக்கிறது. என்சைமும் புரோட்டீன்தான். தண்ணீர் சூடு ஏறினால் அது அவிழ்ந்து செத்துவிடுகிறதாம். சாயப்பட்டறைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், லேபை மூடிவிடலாம் என்று எம்.டி. முடிவெடுத்துவிட்டார். இவரும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“எந்த எடத்துல அவுருதுன்னு கண்டுபுடிச்சுட்டேண்ணா. ஒரு கண்ணிய மாத்தினா போதும். எம்.டி. கிட்ட ஸ்க்ரீன்ல காட்டினா, புள்ளி புள்ளியா கீது, ஒண்ணும் புரியலன்றாரு. கடைசியா அடுத்த மாசம் மொத திங்கக்கெழமை காலையில ஒரு தடவை கேக்கறேன்னாரு.”

“புரியற மாதிரி காட்டணும், அவ்ளோதானே? எட்டு எம்எம் கம்பியில செஞ்சுடலாம்” என்றேன்.

இரண்டு நாற்பதடிக் கம்பி, இருநூற்று எண்பது நட்டு. என் வெல்டர் எத்திராஜும் நானும் இரண்டு வாரம் வளைத்தோம். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு கம்பி வால். சிலது குட்டை, சிலது நீளம். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு இரண்டு சென்டிமீட்டர் கணக்கு; வாலும் வாலும் ஒன்பது சென்டிமீட்டருக்குள் வந்தால் காண்டாக்ட். அங்கே கட்டுக்கம்பியால் ஒரு முடிச்சு. நாலரை ஒவ்வொரு நட்டுக்கும் அதன் சாதிக்கேற்ற நிறத்தில் நெயில் பாலிஷ் அடித்தார். அத்தனை பாட்டிலை மொத்தமாக வாங்கியபோது பேன்சி ஸ்டோர் அம்மா, “ஊட்ல எத்தினி பொண்ணு சார்?” என்று கேட்டிருக்கிறாள். இவர் யோசிக்காமல், “இருநூத்தி எண்பது” என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். பட்டறை நடுவில் புரோட்டீன் நின்றது. செக்கச்செவேல் என்று, நெயில் பாலிஷ் நிறம் ஒன்றுகூடத் தெரியாமல். ஓர் ஆட்டம் இல்லாமல்.

“எத்திராஜ்! இன்னாடா பண்ண?”

“எங்க பாத்தாலும் ஆடிக்கினே இருந்துது நைனா. ஏழு எடத்துல சப்போர்ட்டு வச்சுட்டேன். இப்ப மேல ஏறி நில்லு, அசையாது. ரெட் ஆக்சைடும் ரெண்டு கோட்டு அடிச்சுட்டேன்.”

“யாரு அடிக்கச் சொன்னா?”

“ப்ரைமர் அடிக்காத ஒரு சாமானாவது நம்ம பட்டறைய தாண்டலாமா? நீதான நைனா சொல்லுவ.”

நான்தான் சொல்லுவேன். அந்த விதியால்தான் என் கேட்டுகள் துருப்பிடிப்பதில்லை.

நாலரை மாடியிலிருந்து இறங்கிவந்தார். பார்த்தார். ஒருமுறை சுற்றிவந்தார். அழப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, “எத்திராஜ், பூச்சு சூப்பரா ஒட்டினு கீது. அதும்மேலயே கலர் அடிக்கலாம். மொதல்ல அந்த ஏழு சப்போர்ட்டயும் அறுத்துடுப்பா” என்றார்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டின் நிறத்தையும் சொல்ல ஆரம்பித்தார்; எத்திராஜ் அடித்தான். ஒன்று, பச்சை. இரண்டு, நீலம். மூன்று, சிவப்பு. நோட்டு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எத்திராஜுக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவில் மடக்கினான்.

“சார், நூத்திப் பன்னெண்டு?”

“லைசின்னு ஒரு அமினோ அமிலம். நீலம். வால் நீளம். கடைசியில கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.”

வளைந்திருந்தது.

“என் பொண்டாட்டி போன் நம்பரே எனக்குத் தெரியாது சார்” என்றான் எத்திராஜ். அதற்குப் பிறகு அவர் சொன்ன நிறத்தை அப்படியே அடித்துக்கொண்டு போனான். பொழுது சாய்வதற்குள் இருநூற்று எண்பதும் முடிந்தது.

திங்கட்கிழமை எம்.டி. பட்டறைக்கே வந்தார். நாலரை அவர் கையில் புரோட்டீனைப் பிடிக்கக் கொடுத்து, “ஆட்டுங்க சார். தண்ணி சூடாவுதுன்னு நெனச்சுக்கினு ஆட்டுங்க” என்றார். எம்.டி. ஆட்டினார். ஓரத்தில் ஒரு மடிப்பில் முடிச்சு விட்டது. அது விட்டதும் பக்கத்தில் இருந்தது, அதற்கடுத்தது என்று கால்வாசி உருண்டை அவிழ்ந்து தொங்கியது. நாலரை எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார். ஒரே ஒரு குட்டை வாலைக் கழற்றி நீள வால் ஒன்றை மாட்டினார். அது எதிர்ப்பக்கத்து வாலை எட்டித் தொட்டது. ஒரு முடிச்சு.

“இப்ப ஆட்டுங்க சார்.”

எம்.டி.க்கு வேர்த்துவிட்டது. முடிச்சு நின்றது. கீழே கிடந்த சப்போர்ட்டுகளைப் பார்த்து, “இதையெல்லாம் வச்சிருந்தா இன்னும் கெட்டியா இருக்குமே?” என்றார்.

“கஞ்சிய கடிக்கணும்னா அது வாயத் தொறந்து மூடணும் சார். ஆடணும். ஆனா அவுரக் கூடாது.”

எம்.டி. கையைத் துடைத்துக்கொண்டார். “ஒரே ஒரு தடவை மாத்திப் பாருங்க. சூட்டுல நின்னா லேப் இருக்கும்.”

மாற்றிய என்சைமைத் தயாரிக்கப் பல மாதம் ஆனது. சூட்டில் சோதிக்கும் நாள் வந்தது. எனக்கு அன்று ஆயிரம் வேலை. ஆனாலும் நாலரையின் கம்பெனி கேட்டில் கீல் சத்தம் போடுகிறது என்று சொல்லிக்கொண்டு, கிரீஸ் டப்பாவோடு காலையிலேயே போய் நின்றுவிட்டேன். நான் செய்த கேட்டு. அது ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. வாட்ச்மேனுக்கும் அது தெரியும். ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

மதியம் நாலரை வெளியே ஓடிவந்தார். செருப்புகூட இல்லை. கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துணி. கொதிக்கிற தண்ணீரில் என்சைமோடு ஊறிய துணி. அதன்மேல் அயோடின் விட்டால், கஞ்சி மிச்சம் இருந்தால் நீலம் ஏறும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். துணியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். லேசான மஞ்சள்தான். ஒரு பொட்டு நீலம் இல்லை.

“எம்.டி. இன்னா சொன்னாரு சார்?”

“அவருக்கு இன்னும் சொல்லலண்ணா” என்றார், மூச்சு வாங்க.

லேப் இன்றும் நடக்கிறது. ரெக்கார்டில் ஒட்ட வேண்டும் என்று, அன்று என் கையில் விட்டுப்போன அந்தத் துணியை நாலரை இரண்டு தடவை கேட்டுவிட்டார். தொலைந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். என் பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு மேலே மடித்துவைத்திருக்கிறேன்.