நகலுக்கு ஒரு நகல்

உயிரைக் காப்பாற்றும் மருத்துவமனைகள் உலகில் ஏராளம். கையெழுத்தைக் காப்பாற்றும் மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான். அங்கே எந்த அதிகாரியும் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் எந்த அதிகாரியும் எதிலும் மாட்டிக்கொண்டதில்லை.

அதன் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் 'டிஸ்க் அக்கா' என்றார்கள். வாயைத் திறந்தால் "டிஸ்க்ல இடமில்ல" என்பாள். நோயாளிப் பதிவு, ஆய்வகம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு எல்லாம் தனித்தனிப் பெட்டி இல்லாத மெய்நிகர் கணினிகளில் ஓடின. அத்தனையும் ஒரே டிஸ்க்கில் ஒண்டுக்குடித்தனம். அவற்றைக் கட்டி மேய்க்கும் மேலாண்மை சர்வருக்கு வயதாகிவிட்டது. புதியதற்கு மாற வேண்டும். மாறி முடியும்வரை பழையதும் புதியதும் அதே டிஸ்க்கில் அடுத்தடுத்து நிற்க இடம் வேண்டும்.

இடத்தைத் தின்றது 'பாதுகாப்பு'. பதவியேற்கும் ஒவ்வோர் அதிகாரியும், "எதுக்கும் ஒண்ணு எடுத்து வைங்கம்மா" என்பார். அவளும் கணினிகள் அப்போதிருந்த நிலையை ஸ்னாப்ஷாட்டாக, அதாவது நகலாக, எடுத்து வைப்பாள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். விட்டால் நாளுக்கு நாள் ஊதும். ஆனால் அழிக்கக் கையெழுத்து வேண்டுமே!

நிர்வாக அதிகாரியிடம் போனாள்.

"தாராளமா அழிங்க. இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா?"

"இங்க ஒரு கையெழுத்து சார்."

"நாமெல்லாம் ஒரே குடும்பம். வாய்வார்த்தை போதாதா?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"யாரைக் கேட்டு அழிச்சீங்கன்னு முதல் ஆளா நானே கேப்பேன்."

இவ்வளவு நேர்மையான அதிகாரி கிடைப்பது அபூர்வம். அவள் அழிக்காமல் திரும்பினாள். வீடு அவள் வேலையை நம்பித்தான் ஓடியது.

விஷயம் 'உயர்நிலைக் கூட்டத்துக்கு' வந்தது. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"பழைய நகல் எல்லாத்தையும் அழிச்சுடலாம். அழிக்கறதுக்கு முன்னாடி, எதுக்கும் அதுக்கெல்லாம் ஒரு நகல் எடுத்துடுங்க."

"எங்க சார் வைக்கிறது?"

"அதே டிஸ்க்லதான். வெளிய வச்சா பாதுகாப்பு இல்லையே!"

"டிஸ்க் ரொம்பிட்டா எல்லாக் கணினியும் அப்படியே நின்னுடும் சார். மருந்துக் குறிப்பு வராது. யாருக்காவது தப்பான ஊசி போயிடும்."

"நல்ல காரியம் தொடங்கறப்ப அபசகுனமா பேசாதீங்கம்மா."

கைதட்டல் எழுந்தது. 'ஒருமனதாக' என்று எழுதினால் கையெழுத்துத் தேவையில்லை என்பதால், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாட்டேன் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டுப் போய் நகலெடுக்கத் தொடங்கினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டிஸ்க் முட்ட முட்ட நிறைந்து, கணினிகள் ஒவ்வொன்றாக உறைந்தன. அவசரப் பிரிவு நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, லாரி டிரைவர் ஒருத்தர் நினைவில்லாம வந்திருக்கார். முன்னாடி இங்க வைத்தியம் பார்த்துக்கிட்டவர்தான். என்ன மருந்து ஒத்துக்காதுன்னு பார்க்கணும், ஸ்கிரீன் அசையவே மாட்டேங்குது. டாக்டர் ஊசியோட நிக்கிறார்!"

டிஸ்க் அக்கா யாரையும் கேட்கவில்லை. நகலின் நகலை அழித்தாள். ஒவ்வொரு கணினியாகத் தட்டி எழுப்பினாள். மருந்துக் குறிப்பு திரையில் வந்தபோது, அதற்குமேல் காத்திருக்க முடியாமல் டாக்டர் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். ஒத்துக்கொள்ளாது என்று குறிப்பில் இருந்ததும் அதே மருந்துதான். சாயங்காலத்துக்குள் டிரைவரின் உயிர் போய்விட்டது.

மருத்துவமனை பதறிப்போனது. உடனே விசாரணைக் குழு அமைத்தது. இயக்குநர் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு நகலைக் காணோமே. யார் கையெழுத்துல அழிச்சீங்க?"

"என் கையெழுத்துலதான். இந்தாங்க." ஒரு தாளில் போட்டு நீட்டினாள்.

"எவ்ளோ பெரிய பொறுப்பின்மை தெரியுமா இது? பாதுகாப்புக்குன்னு நாங்க எல்லாத்துக்கும் ஒரு நகல் வச்சிருக்கோம்!"

"அப்படியா சார்? டிரைவரோட சம்சாரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவங்க புருஷனுக்கு எடுத்து வச்ச நகலைக் குடுத்து அனுப்புங்க."