செஞ்சி போகும் வழியில்

தமிழ்நாட்டில் வரலாற்றுக்கு எங்கள் குடும்பம் அளவுக்கு மரியாதை கொடுத்த குடும்பம் வேறு கிடையாது. இருபத்து நான்கு வருஷத்தில் பதினோரு வரலாற்றுச் சின்னங்களுக்குச் சுற்றுலா புறப்பட்டிருக்கிறோம். ஒன்றின் மீதும் எங்கள் கால் பட்டதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போன அன்று ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். தரங்கம்பாடிக்குப் போன அன்று சிதம்பரத்தில் புடவை எடுத்தோம். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள், சிற்பங்களைத் தொடாதீர்கள் என்று போகிற இடமெல்லாம் பலகை வைத்துக் கெஞ்சுகிறார்கள். நாங்கள் அந்தப் பலகை கண்ணில் படும் தூரத்துக்கே போவதில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பை வரலாற்றுக்கு யார் கொடுத்துவிட முடியும்?

இந்தச் சாதனைகளுக்கெல்லாம் தலைமை தாங்கியவன் அடியேன், வைத்திலிங்கம். நெய்வேலி நகரியம், பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸ். வேலை சுரங்கத்து டைம் ஆபீஸில். ஷிப்டுக்கு வருகிறவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்ப்பது என் பொறுப்பு. இரண்டு நிமிஷம் பிந்தி வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி, “நாளைக்கு வாங்க” என்று நான் சொல்லும் அழகைப் பார்க்கவே சிலர் பிந்தி வருவதாகப் பேச்சு.

இம்முறை செஞ்சிக் கோட்டை. கோரிக்கை வைத்தவள் என் மனைவி பொற்கொடி. புதிய கோரிக்கை அல்ல. விழுப்புரம் கல்லூரியில் அவள் பி.ஏ. வரலாறு மூன்றாம் வருஷம் படித்தபோது வகுப்பே செஞ்சிக்குச் சுற்றுலா போனது. அதே தேதியில்தான் எங்கள் நிச்சயதார்த்தம். “கோட்டை எங்க ஓடிடப் போவுது? கல்யாணம் ஆகட்டும், நானே கூட்டிக்கினு போறேன்” என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன். கோட்டையும் ஓடவில்லை, நானும் வாக்கை வாபஸ் வாங்கவில்லை. இரு தரப்பும் இருபத்து நான்கு வருஷமாக உறுதியாக நின்றோம்.

இந்த வருஷம் மட்டும் ஒரு ‘அவசரம்’ ஏற்பட்டது. அவளுடைய வலது முட்டி தேய்ந்துவிட்டது. ஆனி கடைசியில் ஆபரேஷன். “அதுக்கப்புறம் மலையேறுறதையெல்லாம் மறந்துடுங்கம்மா. ஏறியே ஆகணும்னா இப்பவே, மெதுவா, ஒரே ஒரு தடவை” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொற்கொடி முட்டிக்கு ஓர் உறை வாங்கினாள். மூன்று வாரம் தினமும் பக்கத்து மாடி குவார்ட்டர்ஸ் படிகளில் ஏறி இறங்கிப் பழகினாள். மேல் வீட்டுக்காரர்கள் ஏதோ சீட்டுப் பிடிக்க வருகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முறைப்படி ஞாயிறு மாலை எங்கள் ஹாலில் பயண ஆயத்தக் கூட்டம் கூட்டினேன். தலைவர் நான். உறுப்பினர் பொற்கொடி. செயலாளர் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் எங்கள் மகள் தமிழ்நிலா.

“மூணு மணிக்கு மேல மலையேற வுட மாட்டாங்களாம். பன்னெண்டுக்குள்ள போயிட்டா, நான் நின்னு நின்னு ஏறிடுவேங்க” என்றாள் பொற்கொடி.

“பன்னெண்டா? எட்டரைக்கே அங்க இருப்போம். நான் டைம் ஆபீஸ்” என்றேன்.

“அப்பா, இதையும் மினிட்ஸ்ல எழுதணுமா?”

“எழுது. எட்டரைக்கு அடிக்கோடு போடு.”

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. காலை ஐந்து மணிக்குப் புறப்படுவது. வழியில் எங்கும் நிற்பதில்லை. குடும்பம் மூன்று பேர் மட்டும். எல்லாம் ஒருமனதாக.

மறு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது தீர்மானத்தை உடைக்க வாசலில் ஆள் வந்து நின்றது. இருபத்தோராம் பிளாக்கில் இருக்கும் என் அக்கா பெரியநாயகி, இரண்டு கைகளிலும் பைகளோடு.

“எட்டு சீட்டு வேன்னு சொன்னாங்க. சும்மாவாடா போவுது?” என்றாள்.

காலி சீட்டுக்கு எதிராகப் பேச எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தவிர, அக்கா புளியோதரைக்குச் சாமான் கொண்டுவந்திருந்தாள். சாமான்தான், புளியோதரை அல்ல. அதை எங்கள் அடுப்பில் கிளறி, ஆற வைத்து, டப்பாவில் அடைத்துப் புறப்படும்போது மணி ஏழு பத்து. பொற்கொடி நான்கரைக்கே வேனில் ஏறுவதற்குத் தயாராகி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து புளி கரைத்தாள்.

வேன் மந்தாரக்குப்பம் அஷ்ஃபாக்குடையது. எங்கள் வரலாற்றுப் பயணங்களில் ஆறுக்கு அவர்தான் சாரதி. “எங்கெங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே. எங்க போறோம்னு நான் கேக்கறதில்ல” என்றார். அனுபவசாலி.

பண்ருட்டி எல்லையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வந்ததே வந்தோம், திருவதிகை இந்தா இருக்குது. வீரட்டானேஸ்வரரை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்.”

‘வந்ததே வந்தோம்’ என்பது எங்கள் குடும்பத்தின் அரசியல் சாசனம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. இருந்தாலும் தமிழ்நிலா துணிந்தாள். “அத்தை, எங்கேயும் நிக்கறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்கோம்.”

“ஒங்க அம்மா முட்டிக்குத்தாண்டி அர்ச்சனை பண்ணப் போறேன். வாணாமா?”

யார் வேண்டாம் என்பார்கள்? முட்டி நலமாக இருக்க வேண்டி, முட்டியை ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நிறுத்தினோம். கோபுரத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்த பொற்கொடி, “இதெல்லாம் எந்தக் காலத்துதுன்னா...” என்று ஆரம்பித்தாள். “அப்புறம் பாத்துக்கலாம், லைன் நவுருது பாரு” என்று அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அன்று நாங்கள் அங்கே நுணுக்கமாக ஆராய்ந்தது எங்களுக்கு முன்னால் நின்றவரின் முதுகை.

வெளியே வந்தால் பலாப்பழம். ஆனி மாதம் பண்ருட்டிக்கு வந்து பலா வாங்காமல் போவது அந்த மண்ணுக்கே செய்யும் அவமரியாதை என்று நானே ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். அக்கா ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து “காய்” என்றாள். நான் தட்டி “பழம்” என்றேன். கடைக்காரர் தட்டி “நாளைக்குப் பழம்” என்றார். மூன்று நிபுணர்களும் ஒரு கருத்துக்கு வர நாற்பது நிமிஷம் ஆனது. தேர்வான பழத்துக்குப் பொற்கொடி பக்கத்தில் ஒரு சீட் ஒதுக்கினோம். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் அதை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மடியில் முட்டி உறை இருந்தது.

“மணி பத்தே முக்கால்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“பன்னெண்டுக்குள்ள போயிடலாம்” என்றேன். திருத்தப்பட்ட இலக்கு. அலுவலகத்தில் இதற்கு ‘ரிவைஸ்டு டார்கெட்’ என்று பெயர். அவமானம் எதுவும் இல்லை.

விழுப்புரத்தில் அக்காவுடைய சம்பந்தி வீடு. “வழியிலதான். அஞ்சு நிமிஷம். எட்டிப் பாக்காம போனோம்னு தெரிஞ்சிதுன்னா எம் பொண்ணு அந்த வூட்ல தல நிமிர முடியாது.” வழி என்பது செஞ்சிக்கு நேர் எதிர்த் திசையில் பதினோரு கிலோமீட்டர். அஷ்ஃபாக் கேள்வி கேட்காமல் திருப்பினார்.

சம்பந்தி வீட்டில் எங்களைப் பார்த்த பிறகுதான் கோழி வாங்க ஆள் போனது. “கை நனைக்காம போனா நல்லாவா இருக்கும்?” என்று வாசலில் வழிமறித்தார்கள். புளியோதரை இருப்பதைச் சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் வருத்தப்பட்டு ரசமும் வைப்பதாகச் சொன்னார்கள். வந்த இடத்தில் சும்மா உட்கார முடியுமா? பொற்கொடி சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தாள்.

“அம்மா, மணி ஒண்ணு” என்றாள் தமிழ்நிலா.

“பாத்துக்கினுதான் இருக்கேன்.”

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து, “கிளம்பலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவர் சொன்னால் கேட்டிருப்பார்கள். ஆனால் குழம்பு கொதிக்கும் மணம் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. நான் சம்பந்தியிடம் நேரந்தவறாமையின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. அஷ்ஃபாக் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில் பலாப்பழம் இருமுறை சீட்டை விட்டு எழுந்தது. தூரத்தில் மலையும் மதிலும் தெரிந்ததும் பொற்கொடி குனிந்து முட்டி உறையை மாட்டிக்கொண்டாள். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரிக்குப் போகும் கேட்டை அடைந்தபோது மணி மூன்று நான்கு.

கேட்டில் பன்னீர்செல்வம் என்று சட்டையில் பெயர் குத்திய காவலர் ஒருவர் பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“மேல போறது மூணோட முடிஞ்சிதுங்க. நாளைக்கு வாங்க.”

எனக்கு மெய்சிலிர்த்தது. அதே சொல், அதே குரல், அதே முகம். முப்பது வருஷத்தில் என் வாசகத்தை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன இன்னொருவரை நான் கண்டதில்லை. கடமைக்காக, “நாலு நிமிஷம்தானே?” என்று கேட்டேன்.

“நாலு நிமிஷமும் லேட்டுதானுங்களே.”

அவரைக் கட்டித் தழுவ வேண்டும் போலிருந்தது. அந்த நேரத்தில் குரங்குகள் வேனுக்குள் புகுந்து புளியோதரை டப்பாவை எடுத்துக்கொண்டு மதில் மேல் ஏறின. எங்கள் குடும்பத்தின் சார்பில் அன்று கோட்டையில் ஏறியது அந்த டப்பா ஒன்றுதான். அக்கா கல்லெடுத்துக்கொண்டு ஓடினாள். அஷ்ஃபாக்கும் தமிழ்நிலாவும் பலாப்பழத்துக்குக் காவல் நின்றார்கள்.

பொற்கொடி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். பிறகு காவலரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“மேல போவசொல்ல ஒரு பெரிய பொளவு வருமே, அதுக்குக் குறுக்க மரப்பாலம் இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குதும்மா.”

“அத இழுத்துக்கினா எதிரி அந்தாண்டயே நிக்க வேண்டியதுதான். அதத் தாண்டினா மணிக்கூண்டு, களஞ்சியம், ரங்கநாதர் கோயில்.”

பன்னீர்செல்வம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “எத்தினி தடவ வந்திருக்கீங்கம்மா?”

“ஏறினதே இல்லீங்க. பரிச்சைக்குப் படம் வரைஞ்சேன்.”

அவர் பூட்டைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சட்டம் சட்டம்தான். என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை.

குரங்குகளிடம் தோற்றுத் திரும்பிய அக்கா மூச்சு வாங்கியபடி ஆறுதல் சொன்னாள். “நல்லதாத்தான் போச்சு, வுடு. இந்த முட்டிய வச்சிக்கினு நீ எப்படி ஏறுவ?”

“முட்டி தேஞ்சது போன கார்த்திகையிலதான் அண்ணி. அதுக்கு முன்னாடி இருபத்திமூணு வருஷம் நல்லாத்தான் இருந்துது.”

அக்கா பலாப்பழம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டாள். மறைப்பானேன், வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குச் சொற்பொழிவு வந்துவிடும். நிமிர்ந்து நின்று, மலையை நோக்கிக் கையை நீட்டினேன்.

“எப்பேர்ப்பட்ட கோட்டை பாரு பொற்கொடி. அவ்வளவு சுலபமா யாரும் உள்ள போயிட முடியுமா? எத்தனை ராஜா, எத்தனை சேனாதிபதி இதே வாசல்ல காத்துக் கிடந்திருப்பான். அந்த வரிசையில நாமளும் நிக்கறோம்னா அது நமக்குப் பெருமை இல்லையா?”

பொற்கொடி முட்டி உறையைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கல்லைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

“டெல்லி பாதுஷா படை எட்டு வருஷம் முற்றுகை போட்டுதுங்க. எட்டாவது வருஷம் அவங்களே உள்ள பூந்துட்டாங்க. என்னை இருபத்திநாலு வருஷமா உள்ள வுடாம நிறுத்தி வச்சது நீங்க ஒருத்தருதான்.”