கல்மரத்தை முதலில் பார்த்தவர்

எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். முதன்முதல்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? எது நடந்தாலும் முதலில் பார்த்தது அவர், முதலில் சொன்னது அவர் அப்பா. தெருவுக்குக் குழாய் வந்ததா? அவர் மாமா கேட்டு வந்தது. மழை பெய்ததா? காலையிலேயே அவருக்குத் தெரியும். சாதாரண முதன்முதல்காரருக்கு ஒரு குழாயோ ஒரு மழையோதான் அகப்படும். என் சித்தப்பா மகனுக்கு ஒரு காடே அகப்பட்டுவிட்டது.

அதுவும் கல்லாகிப்போன காடு. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் சாய்ந்து, மண்ணுக்குள் புதைந்து, பட்டையும் வளையமும் மாறாமல் கல்லாக உறைந்த மரங்கள், சித்தப்பாவின் நிலத்தில். சுற்றிலும் கம்பிவேலி, வாசலில் டிக்கெட் அறை, உள்ளே மரத்துக்கு மரம் ஒரு சொந்தக்காரரின் பெயர்ப்பலகை, எல்லாம் அவன் வைத்தது. பருத்து உருண்டு கிடப்பது பெரியப்பா. முறைத்துக்கொண்டு கிடக்கும் இரண்டும் சகலைகள். பொந்து விழுந்தது மாமனார். அவனோடு சண்டை வந்தால் பெயர்மேல் சுண்ணாம்பு. சமாதானமானால் மறுபடியும் பெயர். குடும்பத்தில் யார் யார் அவனோடு பேசுகிறார்கள் என்று தெரியவேண்டுமானால் டிக்கெட் எடுத்து ஒரு சுற்று வந்தால் போதும். நான் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன்.

வாசலில் இருக்கும் முதல் மரம் அவன் அக்காவுடையது. ஒரு நாள் அவன் பார்க்க வந்தவர்களுக்கு மரம் கிடைத்த வரலாறு சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா சிரித்துவிட்டாள். போயிற்று பெயர்.

வரலாறு என்றால் லேசுப்பட்டதா? சித்தப்பா கடப்பாரையைப் போட்டார், ணங்கென்று சத்தம் கேட்டது, கண்ணை மூடினார், "இது கல் இல்லை, கோடி வருஷத்து மரம்" என்றார். முதல் வருஷம் இவ்வளவுதான். அடுத்த வருஷம் ஒரு பாம்பு வந்து சேர்ந்தது. அப்புறம் மின்னல். போன வருஷம் பாம்பு படமெடுத்தது. முடிவு மட்டும் மாறாது: "நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேங்க."

அக்காவுக்குப் பலகை வேண்டும். பிறந்த வீட்டில் தனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான் என்று என்னிடமே மூக்கைச் சிந்தினாள். தம்பியோ அவள் இருக்கும் பக்கம்கூடத் திரும்புவதில்லை. ஒரு நாள் அவளும் டிக்கெட் எடுத்துக் கூட்டத்தோடு உள்ளே வந்து நின்றாள். நானும் போயிருந்தேன், விடுவேனா?

பாம்பு படமெடுத்த இடத்தில் அக்கா வாயைத் திறந்தாள்.

"டேய் தம்பி, அப்பா எதுக்குக் குழி தோண்டினாரு? அதையும் சொல்லு."

"அக்கா, கூட்டத்துல வேணாம்..."

"கக்கூஸுக்குங்க" என்று அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கடப்பாரை வளைஞ்சு போச்சு. அப்பா திட்டின திட்டை இங்க சொல்ல முடியாது. நான் சின்னப் பொண்ணு, அந்தக் கல்லு மேல ஏறி உக்காந்தேன். வளையம் வளையமா இருந்துச்சு. 'அப்பா, இது மரம்'னேன். நறுக்குனு தலையில ஒரு குட்டு வச்சாரு."

"இல்லைங்க, நான் பக்கத்துலயே நின்னு..."

"நீ அப்போ அம்மா வயித்துலடா."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாமனார் பொந்திலிருந்த குருவிகள் பறந்தன. அவன் முகம் கல்மரத்தையும்விடக் கல்லாயிற்று. வேறொருவனாக இருந்தால் வேலியைத் தாண்டி ஓடியிருப்பான். முதன்முதல்காரன் ஓடுவானா?

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். வாசல் மரத்தில் அக்கா பெயர், புதுச் சிவப்பு வண்ணத்தில். பக்கத்திலேயே நாற்காலி போட்டு அக்கா. அவன் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"அம்மா இந்தக் கல்லைத் தாண்டுறாங்க. வயித்துக்குள்ளேயிருந்து நான் ஓங்கி ஒரு உதை விட்டேன். அம்மா அப்படியே நின்னுட்டாங்க. பின்னால வந்த அக்கா இது மேல உக்காந்தாங்க. ஆக, முதல்ல கண்டுபிடிச்சது..."

"ஆமாங்க, உதைச்சான்" என்றாள் அக்கா, பலகையைத் தடவிக்கொண்டே. "எனக்கு முந்தின ராத்திரியே கனவுல தெரிஞ்சுபோச்சு."

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது, 'இந்த மாதிரி ஆளை நான் எப்பவோ பார்த்தாச்சே, இவர் என்ன இப்போ வந்து சொல்றாரு' என்று உள்ளுக்குள் ஒரு முனகல் கேட்டதா? கேட்டிருந்தால் ஒருமுறை வந்து போங்கள். வேலியோரம் இன்னும் பெயர் வைக்காத மரம் ஒன்று கிடக்கிறது. வண்ணம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள்.