மேலாளரின் வயிற்றுக்கு ஒரு பச்சடி

“ஏண்டி ஜலஜா, இந்தத் தயிர் ஏன் இனிக்கறது?”

சந்தானம் சமையலறையிலிருந்து கேட்டபோது, நறுக்கிய வெள்ளரிக்காயும் பப்பாளிப்பழமும் மாதுளை முத்துக்களும் ஏற்கனவே அந்தத் தயிரில் மூழ்கியிருந்தன.

“அது மிஷ்டி தோய்னா, இந்த ஊர்த் தித்திப்புத் தயிர். சர்க்கரை போட்டுத் தோய்ச்சது இனிக்காம என்ன பண்ணும்?” என்றாள் அவர் மனைவி ஜலஜா, ஹால் சோபாவிலிருந்து எழுந்திருக்காமலே.

“சட்டியை எடுக்கறச்சே சொல்லியிருக்கக் கூடாதா?”

“கிச்சன் பக்கமே வரப்படாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டேள்?”

போட்டது உண்மைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கல்கத்தா லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டில் மதிய விருந்து. வரப்போகிறவர் சந்தானத்தின் மேலாளர் ரஞ்சன் பாபு, மனைவி தீப்தியுடன். சென்னைக்கு மாற்றல் கேட்டுச் சந்தானம் எழுதிய மனு அவர் மேஜையில் வருஷக்கணக்காகத் தூங்குகிறது. மைலாப்பூரை நினைத்து ஏங்கி ஏங்கிச் சந்தானம் பாதியாகிவிட்டார்.

கையெழுத்து விழாததற்கு அவர் கண்டுபிடித்த காரணம், மேலாளரின் வாயு. ஆபீஸை நடத்துவது ரஞ்சன் பாபுவா, அவருடைய வயிறா என்று பியூனுக்கே சந்தேகம் உண்டு. அந்த வயிற்றைக் குளிரவைத்தால் பேனா தானாகத் திறக்கும் என்று சந்தானம் முடிவுகட்டினார். செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வைத்தியராகவும் ஆகிவிட்டார். ஜலஜாவின் கைக்குக் காரம் ஜாஸ்தி என்பதால், மற்ற சமையலை முடித்ததும் அவளை வெளியேற்றிவிட்டார்.

“வேற தயிர் இருக்கா?”

“இருந்ததைக் காத்தாலே மோராக்கி நீங்கதான் குடிச்சேள். கறுப்பு உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போடுங்கோ. தித்திப்பு அடங்கிடும்.”

சந்தானம் தாராளமாகவே போட்டார். உப்பைக் கண்ட வெள்ளரிக்காய் தன் தண்ணீரையெல்லாம் விட்டது.

“ஐயோ, ரசமாயிடுத்துடி!”

“அவல் போடுங்கோ. தண்ணியை இழுத்துக்கும்.”

அவல் இழுத்தது. கடமையுணர்ச்சி மிக்க அவல் போலிருக்கிறது, தண்ணீர் தீர்ந்த பிறகும் இழுத்தது. பச்சடி கிண்ணத்தை விட்டுக் குக்கருக்குக் குடிபெயர்ந்தது.

“களி மாதிரி ஆயிடுத்தே!”

“மீதி மிஷ்டி தோயை விட்டு, ரெண்டு வாழைப்பழத்தையும் பிசைஞ்சு போடுங்கோ. இளகிக்கும்.”

போட்டார். ஜலஜா செருப்பைப் போடச் சொல்லியிருந்தாலும் அப்போது போட்டிருப்பார்.

கடுகு, கறிவேப்பிலையாவது தாளித்தால் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் பச்சடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தாளிக்கும் கரண்டியை அடுப்பில் வைத்தார். அப்போதுதான் ஜலஜா சோபாவை விட்டு எழுந்தாள். ஓடியே வந்து அடுப்பை அணைத்தாள்.

“தாளிக்கப்படாது! அவர் வயித்துக்கு ஆகாது!”

தன் மாற்றலில் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று சந்தானத்துக்குக் கண் கலங்கியது. காலிங் பெல் அடித்தது.

ரஞ்சன் பாபு சாம்பாரைச் சந்தேகத்தோடு பார்த்தார், அவியலை ஓரம் தள்ளினார், பச்சடியில் ஸ்பூனை விட்டார். சந்தானம் மனசுக்குள் மைலாப்பூருக்குக் கடைசியாக ஒரு கும்பிடு போட்டார்.

ரஞ்சன் பாபு கண்ணை மூடினார். திறக்கவேயில்லை. ஸ்பூன் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. கடைசியில் நீளமாக ஒரு ஏப்பம் வந்தது. ஆபீஸில் யாரும் கேட்டறியாத, திருப்தியான ஏப்பம்.

“ஷொந்தானம்! இது எங்க தோய்-சிரே ஆச்சே! வயிறு கெட்டா வங்காளி தேடறது இந்தத் தயிரும் அவலும்தான். ஆனா இந்தப் பப்பாளி, இந்தச் சீரகம்... எங்க ஆளுங்களுக்கே தோணலையே!”

சந்தானத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல முகூர்த்தம் வருமா?

“சார், அந்தச் சென்னை டிரான்ஸ்ஃபர்...”

“நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்னுதான் இருந்தேன்.”

“ரொம்ப தேங்க்ஸ், சார்!”

“இனிமே எப்படிப் போடுவேன்? நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் நீங்க கல்கத்தாவை விட்டு நகரக் கூடாது. தினம் லஞ்சுக்கு இதுல எனக்கு ஒரு டப்பா!”

சிரித்த வாயை மூடச் சந்தானத்துக்கு மறந்துபோயிற்று. தன் கையால், தன் செலவில், தன் மாற்றலைத் தானே பிசைந்து ஊட்டிவிட்டோமே என்று வயிறு எரிந்தது. இருந்தாலும் மேலாளர் மேலாளர்தானே? மிச்சப் பச்சடியைத் தூக்குப் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டு, அவரை வழியனுப்ப லிஃப்டில் கீழே போனார்.

ஃப்ளாட் வாசலில் பின்தங்கிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தீப்தி, லிஃப்ட் இறங்கிய சத்தம் கேட்டதும் ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளியில் சொன்னாள்:

“மிஷ்டி தோயிலேர்ந்து வாழைப்பழம் வரைக்கும் நான் சொன்னது ஒண்ணுவிடாம உன் வீட்டுக்காரரைப் போட வெச்சுட்டியே, கெட்டிக்காரி! இனிமே உன்னை யாரும் சென்னைக்குக் கூட்டிண்டு போக முடியாது. நாளைக்குக் காலையில வழக்கம்போல லேக்குக்கு வந்துடு, நடக்கலாம்.”