சிங்கப் பெட்டி ஊளையிடாது

பல்லாயிரம் பற்களைப் பிடுங்கிய பிறகும் புன்னகை குறையாத, என் அருமைத் தங்கையின் கணவராகிய பல் டாக்டர் மாப்பிள்ளை அவர்களின் மேலான பார்வைக்கு, ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் முதலியவற்றைப் பழுது பார்ப்பதில் தனக்கு நிகர் தானே ஆன உங்கள் மச்சான் மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். நீங்கள் போனில் அனுப்பிய நீளமான செய்தியைப் படிப்பதற்கு முன்பும் சுகம், படித்த பிறகும் சுகம். நடுவில்தான் கொஞ்சம் ரத்தம் கொதித்தது, வீட்டுக்காரி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அடக்கினாள். நீங்களும் தங்கச்சியும் பாப்பாவும் அங்கே அப்படியே சுகமாக இருக்க வேண்டும். பாப்பா இன்றைக்கு ஒரு இசைக்குழுவுக்கே தலைவி, கிடாரைத் தூக்கினால் சுவர் அதிரும், இருந்தாலும் தாய்மாமனுக்கு அவள் பாப்பாதான். செய்திக்குச் செய்தியிலேயே பதில் போட்டிருக்கலாம். போனில் தட்டினால் என் கோபம் கடுகளவு எழுத்தாகச் சிறுத்துவிடுகிறது. ஆகையால் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஒரு தடவை மட்டும் படித்தவர்களைவிட எனக்கு எட்டாம் வகுப்பு நன்றாகத் தெரியும். எழுத்துக்குப் பஞ்சமில்லை.

சனிக்கிழமை மேடையில் பாட்டின் நடுவே வந்த அந்த ஊளை நான் செய்த பெட்டியிலிருந்துதான் வந்தது, அதைப் பாப்பாவின் குழுவினர் முன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டும், இனிமேல் பெட்டி கிட்டி என்று எதையும் செய்யக் கூடாது, வருகிற சனிக்கிழமை ரெக்கார்டிங்குக்கு நீங்கள் கடையில் வாங்கிக் கொடுத்த வெள்ளிப் பெட்டி மட்டும்தான் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடியாது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன சாதாரணப் பெட்டியா என்று யோசிக்க வேண்டும். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும், காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் சத்தம் வேறு சத்தமாக மாறும், இன்னொரு மிதி மிதித்தால் பழையபடி ஆகிவிடும், அவ்வளவுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். உள்ளே இருப்பது ஒன்பது கால் உள்ள சுவிட்சு மாப்பிள்ளை! ஒன்பது காலுக்கும் கம்பி இழுத்து ஈயம் வைத்துப் பற்றவைப்பது என்றால் யானைக்குக் கொலுசு மாட்டுகிற வேலை. அதை நான் கண்ணாடிகூடப் போடாமல் முடித்தேன். (கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை, அது வேறு விஷயம்.) ஸ்டீல் டப்பாவில் துளை போடும்போது டிரில்லிங் மெஷினின் ஊசி படபடவென்று ஒடிந்துகொண்டே இருந்தது, நான் விட்டேனா? நீங்களும் டிரில்லை வைத்துத்தான் பிழைக்கிறீர்கள், நானும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், நான் துளை போடும்போது யாரும் அழுவதில்லை. இதற்கிடையில், போன வருஷம் காணாமல்போன உங்கள் சாப்பாட்டு டப்பா பற்றியும் செய்தியின் கடைசியில் ஜாடையாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த டப்பாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் ஸ்டீல் டப்பா இருக்கிறதா?

அடுத்தது மூடியில் வரைந்த படம். மேடையில், அத்தனை பேருக்கு முன்னால், பாப்பா உங்கள் முகத்தைச் செருப்புக் காலால் மிதித்தாள் என்கிறீர்கள். அது சிங்கம்! நான் வரைந்தது பிடரியோடு கூடிய முழுச் சிங்கம். பிடரிக்கு மட்டும் வீட்டுக்காரியின் நகப்பூச்சில் ஒரு புட்டி முழுவதும் காலி, அதற்கு அவள் என்னோடு பேசாமல் இருந்தது தனிக் கதை. பெயின்ட் கெட்டியாகப் பிடிக்க ஓவனில் வைத்துச் சூடு காட்ட வேண்டும், அதுதான் முறை. சூடு ஒரு பொட்டு கூடிவிட்டது. உச்சந்தலையில் இருந்த பிடரி உருகி வழிந்து இரண்டு காது ஓரமாக வந்து நின்றுகொண்டது, உச்சி பளபளவென்று ஆகிவிட்டது, மீசை மட்டும் அப்படியே இருந்தது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரி அதைப் பார்த்ததும், "ஐயோ, இது நம்ம டாக்டர் தம்பி மாதிரியே இருக்குதே!" என்றாள். "வாயை மூடு, அது சிங்கம்" என்றேன். "சிங்கத்துக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய நெத்தி?" என்றாள். பெரிய நெற்றி அறிவின் அடையாளம் என்று சொல்லிவைத்தேன். அதை உங்களுக்கான பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் கோபித்துக்கொண்டால் எப்படி?

திருகுகிற நான்கு குமிழுக்கும் நானே பெயர் எழுதினேன்: கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், வேண்டாம். இதில் என்ன குழப்பம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாப்பா நான்கையும் கடைசி வரை திருகி வைத்தாள் என்றால் அது அவள் இஷ்டம், அவள் உடம்பில் ஓடுவது எங்கள் ரத்தம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள், நூறு பேர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், கூட்டத்தைப் பல் எண்ணுகிற மாதிரி எண்ணக் கூடாது. மேடையில் பாப்பாவின் காலடியில் இரண்டு பெட்டி. இந்தப் பக்கம் என் சிங்கம், அந்தப் பக்கம் உங்கள் வெள்ளி. பாட்டு தொடங்கும்போது என் பெட்டியில் விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கு, சிங்கத்தின் மூக்கில் வைத்திருந்தேன். அடடா, அந்தச் சத்தம்! கண்ணாடி டம்ளரைக் கழுவி வெயிலில் வைத்த மாதிரி ஒரு சுத்தம். என் பெட்டியின் தனிச்சிறப்பே அந்த நயம்தான். என் கடையில் சோதித்துப் பார்த்தபோதுகூட வீட்டுக்காரி, "ஒரு மாத்தமும் தெரியலையேங்க, பொட்டி இல்லாத மாதிரியே இருக்குது" என்றாள். அதுதான்டி உயர்ந்த ரகம் என்றேன். பாப்பாவும் அதையே சொன்னாள். "மாமா, லைட்டு எரியுது, ஆனா எனக்கு எந்த வித்தியாசமும் கேக்கலையே." "மட்டமான பொட்டிதான் கூச்சல் போடும் பாப்பா. ஒசத்தியான பொட்டி வந்து போனதே தெரியாது" என்று விளக்கினேன். அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் சிரித்தாள்.

பாட்டின் நடுவே அவள் என் பெட்டியை ஒரு மிதி மிதித்தாள், விளக்கு அணைந்தது. உங்கள் பெட்டியை ஒரு மிதி மிதித்தாள், அதில் விளக்கு எரிந்தது. அந்த நொடியில்தான் வந்தது அந்த ஊளை. துருப்பிடித்த இரும்பு கேட்டுக்குள் ஓநாய்க் கூட்டம் மாட்டிக்கொண்டு, அதன் மேல் ஒரு ரயிலும் ஏறின மாதிரி. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது, தங்கச்சி காதைப் பொத்தினாள், பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். "என் கிளினிக்குலகூட யாரும் இப்படிக் கத்தினதில்ல மச்சான்" என்று நீங்கள் என் காதோரம் பல்லைக் கடித்தீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்போது யார் பெட்டியில் விளக்கு எரிந்தது? உங்கள் பெட்டியில். யார் பெட்டி அணைந்திருந்தது? என் பெட்டி. அணைந்த அடுப்பில் பால் பொங்குமா? எரியாத பல்புக்கு எங்காவது விட்டில் வருமா? இவ்வளவு தெளிவான சாட்சி இருக்கும்போது, என் சிங்கத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக் கூரியரில் திருப்பி அனுப்பினீர்களே, அதைப் பிரித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதோடு கதை முடியவில்லை. நேற்று நான் ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் பாப்பாவின் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன், 'இடி' என்று கூப்பிடுவார்களே, அவன். மற்றவர் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர்.

"அண்ணே, சனிக்கிழமை பாட்டு நடுவுல ஒரு சத்தம் வந்துச்சே" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வந்துச்சு. அதுக்கு இப்ப என்னய்யா?" என்று தலையை வெளியே எடுத்தேன்.

"அது எந்தப் பொட்டியில இருந்து வந்துச்சுன்னு தெரியணும். உங்களுதா, டாக்டரோடதா?"

எனக்கு வந்ததே கோபம்! நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்து ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். "நல்லா கேட்டுக்கோங்க. என் பொட்டி அணைஞ்சு கிடந்துச்சு. அந்த ஊளை டாக்டரோட வெள்ளிப் பொட்டியில இருந்துதான் வந்துச்சு. இந்தச் சால்டரிங் கம்பி மேல சத்தியம்" என்று கம்பியைத் தொட்டேன். அது சூடாக இருந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

"மாமா, நெசமாவா?" என்றான் இடி. "பின்னாடி இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினது அந்தச் சத்தத்துக்குத்தான். அன்னிலேருந்து எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க."

அவர்கள் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள் என்றல்லவா நான் நினைத்தேன்! ஜனங்களின் ரசனை எங்கே போய்விட்டது பாருங்கள் மாப்பிள்ளை. "ரெக்கார்டிங்குல அந்தச் சத்தம் இல்லாம பாட்டே இல்லண்ணே, அந்தப் பொட்டிய டாக்டர்கிட்ட வாங்கிக்கறோம்" என்றார் அவர். "வாங்கிக்கோங்க, நாசமாப் போகட்டும். பாட்டோட ஆரம்பத்துல வர்ற அந்தச் சுத்தமான சத்தத்துக்கு மட்டும் என் சிங்கத்தை வெச்சுக்கோங்க" என்றேன். அதற்கு அவர், "அதுக்குப் பொட்டியே வேணாம்ணே, கிடார நேரா சொருகினாலே அதே சத்தம்தான் வரும்" என்கிறார்! நயம் தெரியாத மனுஷன். போகிற போக்கில், "பாட்டு வெளிவர்றப்ப அட்டையில டாக்டர் பேரைப் போடட்டுமா, அந்தச் சத்தம் அவரோடதுன்னு?" என்று கேட்டார். "தாராளமா. கொட்டை எழுத்துல போடுங்க. உலகத்துக்கே தெரியட்டும்" என்றேன். அந்த ஊளைக்கு யார் பொறுப்பு என்பது இனி அச்சில் இருக்கும்.

ஆகையால் மாப்பிள்ளை, நான் யார் முன்னாலும் எதையும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. பெட்டி செய்வதை நிறுத்தப் போவதுமில்லை. அடுத்ததாக ஒரு கழுகு வரையப் போகிறேன், அது யார் மாதிரி வந்தாலும் வரட்டும். ரெக்கார்டிங்குக்கு என் சிங்கத்தைக் கூப்பிடாவிட்டால் அது என் மேஜை மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த ஊளை உங்களுடையது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தலைமுறைக்கும் அது தங்கட்டும்.

தங்கச்சிக்கு என் ஆசி. பாப்பாவின் விரல்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் கடிக்காத ஜாதியாக அமையட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் வைத்த பிறகு மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். உங்கள் வெள்ளிப் பெட்டியை எப்படி மிதித்தாலும் பூனை மாதிரி முனகுகிறதாம், ஊளை வரவில்லையாம். இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே உங்கள் பெட்டிக்கு என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், சிங்கத்துக்குப் புதிதாகப் பிடரி வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியும் உள்ளேயே இருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பது காலில், விளக்குக்குப் போகிற கம்பி எந்தக் காலில் இருக்க வேண்டுமோ அதற்கு எதிர்க் காலில் இருக்கிறது. அதாவது, பெட்டி சும்மா இருக்கும்போது விளக்கு எரிகிறது. பெட்டி வேலை செய்யும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. அடக்கமான பெட்டி மாப்பிள்ளை, வேலை செய்கிறபோது விளம்பரம் செய்யாது. நான்கு குமிழையும் கடைசி வரை திருகி, கடையில் இருக்கிற பழைய ஸ்பீக்கரில் மாட்டி, ஒரு மிதி மிதித்துச் சிங்கத்தின் விளக்கை அணைத்துப் பார்த்தேன். வாஷிங் மெஷின் இரண்டு அடி நகர்ந்துவிட்டது. மாப்பிள்ளை, அது என் சத்தம்!

மேலே எழுதியது அழகாக வந்திருப்பதால் கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே 'ஊளை' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'இசை' என்றும், 'உங்கள் பெட்டி' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'என் பெட்டி' என்றும் திருத்திப் படித்துக்கொள்ளவும். ஸ்டுடியோக்காரர் உங்கள் பெயருக்கு எழுத்துக்கூட்டல் கேட்டால் வாயைத் திறக்க வேண்டாம். பெட்டியோடு நானே புறப்பட்டு வருகிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிட்டால் இதைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்துவிடவும். பாப்பாவிடம், குமிழ் எதையும் தொடாதே என்று சொல்லவும். பெட்டியைத் திறந்ததில் அடிப்பக்கம் உள்ளே உங்கள் கிளினிக்கின் பெயர் போட்டு ஒட்டிய காகிதமும் கண்ணில் பட்டது. போகட்டும். டப்பா உங்களுடையது, மூடியில் இருக்கிற முகமும் உங்களுடையதாகவே இருக்கட்டும், அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரமாட்டேன். சத்தம் என்னுடையது.